நீதிபதி கற்ற பாடம்

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு வயிற்றுப் பிழைப்பைத் தேடி வெளியூர் ஜனங்கள் வருவதை அறிவோம். அன்பின் நிமித்தம் ஊரை விட்டு ஓடுவோரும் நாட்டில் உண்டு.

மதுரைப் பெண்கள் இருவர் ஒருவரையொருவர் நேசித்தார்கள். வீட்டார் எதிர்க்கவே, சென்னைக்குச் சென்றார்கள். பெற்றோர் போலீஸில் புகார் கொடுத்தார்கள். பெண்களோ ஹைகோர்ட்டைச் சரணடைந்தார்கள்.

விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? இவ்விஷயத்தில் தமக்குப் போதிய அறிவில்லை என்று ஒப்புக்கொண்டு, மனோதத்துவ நிபுணரிடம் தாமே பாடம் கேட்டார்! பிறகு, 2021 ஜூன் 7-ந் தேதி, இத்தகையோரைப் போலீஸார் துன்புறுத்தலாகாது. 'வைத்தியம்' செய்து மாற்ற முயல்வதும் கூடாது என்று உத்தரவிட்டார்.

நீதிபதியே மாணாக்கராகலாம் என்றால், பெற்ற குழந்தை வீட்டை விட்டு ஓடுமுன் தாய் தந்தையர் ஆகலாகாதா?