8-ம் வகுப்பில் கோட்டை விட்டால் ரூ.48 ஆயிரம் போச்சு!

கெட்டிக்கார பிள்ளைகளை கண்டுபிடிப்பது யார்?

அனுமந்தன்பட்டி,

தேனி மாவட்டத்தில் உத்தமபாளையம்-கம்பம் சாலையில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. முல்லைப் பெரியாற்று தண்ணீரில் நெல்லும் திராட்சையும் தென்னையும் விளையும் பூமி. ஆனால் சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு கூலி வேலைதான் கதி.

கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் விடியும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டு விடும். கேரள மலையில் உள்ள ஏலக்காய் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும். போனவர்கள் பொழுது சாயும் நேரத்தில்தான் வீடு திரும்புவார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் கெட்டிக்கார பிள்ளை இருந்தால் அதை கண்டுபிடிப்பது யார்? மேலே படிக்க வைப்பது யார்?

இதற்கென்று அரசாங்கத்தில் பணம் இருக்கிறது. பரீட்சையும் இருக்கிறது. ஆனால் விஷயம் தெரியாவிட்டால் அத்தனையும் அம்போதான்!

அதன் விவரம் வருமாறு:-

மாதம் ஆயிரம் ரூபாய்

8-ம் வகுப்பு பிள்ளைகளுக்கு தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகை தேர்வு என்று ஒன்று நடக்கிறது. மத்திய அரசு 2008-ல் கொண்டு வந்த திட்டம் இது.

இதில் தேர்வு பெற்றால் 9-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். ஆண்டுக்கு 12 ஆயிரம். நாலு வருஷத்துக்கு 48 ஆயிரம்.

நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு இந்த பணம் உண்டு. தமிழ்நாட்டின் பங்கு 6,695 பேர்.

அரசு பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி பிள்ளைகள் எழுதலாம். தனியார் பள்ளிக்கு கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3½ லட்சத்துக்கு மேல் போகக்கூடாது. 7-ம் வகுப்பில் 55 சதவீத மார்க் வேண்டும்.

மனப்பாடம் பலிக்காது

பரீட்சை இரண்டு பகுதி. ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிஷம்.

ஒரு பகுதி பாடப் புத்தகத்தில் இருந்து வரும். இன்னொன்று மூளைக்கு வேலை. வரிசையில் அடுத்து வரும் எண் எது? கூட்டத்தில் சேராத படம் எது? இப்படி போகும் கேள்விகள். இங்கே மனப்பாடம் பலிக்காது.

வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளை இதில் திணறலாம். சந்தையில் ஆத்தாளுக்கு பக்கத்தில் நின்று விரலை மடக்காமல் கணக்கு சொல்லும் கடைசி பெஞ்ச் பையன் பிய்த்து உதறலாம்.

ராமானுஜனே பெயில்!

மார்க்கை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு கணித மேதை ராமானுஜனே சாட்சி.

1904-ல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. மற்ற பாடங்களில் கோட்டை விட்டார். உதவித்தொகை பறிபோனது.

1912-ல் சென்னை துறைமுக கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலைக்கு போனார். அங்கே இருந்த பெரியவர்கள் அவரது நோட்டுப் புத்தகத்தை மதித்தார்கள். 1913-ல் சென்னை பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னது. மறு வருஷம் கேம்பிரிட்ஜுக்கு கப்பல் ஏறினார்.

உத்தமபாளையம் தாலுகாவிலும் ஒரு சாட்சி உண்டு. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் திறமையை அளக்க பள்ளிக்கூடத்தில் படிக்கல் இல்லை. அண்ணன் பாவலர் வரதராஜன் தன் கச்சேரி கோஷ்டியில் சேர்த்துக் கொண்டார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார்.

எல்லா பிள்ளைக்கும் அப்படி ஒரு அண்ணன் கிடைப்பாரா? வாத்தியார்தான் அந்த அண்ணனாக இருக்க வேண்டும்.

ஒரு எழுத்து படுத்தும் பாடு

பரீட்சையில் ஜெயித்தால் மட்டும் போதாது. வருமான சான்று, ஆதார், வங்கி கணக்கு மூன்றும் வேண்டும். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் இழுபறிதான்.

9-ம் வகுப்பு போனதும் தேசிய உதவித்தொகை இணைய தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். 10-ம் வகுப்பில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். பட்டியல் இன, பழங்குடி பிள்ளைகளுக்கு 55 போதும்.

தோட்ட வேலைக்கு போகும் தாய் தகப்பன் இ-சேவை மையத்துக்கு நடந்தால் அன்றைய கூலி போச்சு. இதற்கு பயந்தே காகிதம் தேங்கி விடுகிறது. பணம் வராத வீட்டில் 10-ம் வகுப்போடு, "போதும் தாயி, ஜீப்புல ஏறு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

பஸ் ஏறினால் தகுதி போச்சு

9-ம் வகுப்பில் இன்னொரு வாய்ப்பு ஊரக திறனாய்வு தேர்வு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியருக்கு உதவித்தொகை உண்டு.

கிராம ஊராட்சி, பேரூராட்சியில் உள்ள பள்ளி பிள்ளைகளுக்கு மட்டுமே இது. அனுமந்தன்பட்டி பேரூராட்சி. ஆகவே இங்கே படித்தால் எழுதலாம். இதே ஊர் பிள்ளை பஸ் ஏறிப் போய் கம்பம் நகராட்சிக்குள் இருக்கும் பள்ளியில் படித்தால் எழுத முடியாது!

குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்தை தாண்டக்கூடாது. அதாவது மாதம் 8,333 ரூபாய். கணவன், மனைவி இருவருக்கும் மாதம் முழுக்க வேலை கிடைத்தாலே இந்த கோட்டை தாண்டி விடும்.

கிடைக்கும் தொகை எவ்வளவு? வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய். மாத கணக்கு போட்டால் 84 ரூபாய் கூட வராது. இந்த தொகையையும் வருமான வரம்பையும் அரசு உயர்த்துமா?

அரசு பள்ளி பிள்ளைகளுக்கு 2023-ல் தொடங்கிய முதலமைச்சர் திறனாய்வு தேர்வு இதற்கு மேல். 500 மாணவர், 500 மாணவியருக்கு ஆண்டுக்கு 10 ஆயிரம் ரூபாய், பட்டப் படிப்பு முடியும் வரை கிடைக்கும்.

என்ன செய்யலாம்?

பரீட்சை தேதி பள்ளி நோட்டீஸ் போர்டோடு நின்று விடக்கூடாது. ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஜீப் புறப்படும் இடத்திலும் ஒட்ட வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே ஒரு நாள் முகாம் போட்டு சான்றுகளுக்கு மனு வாங்கினால் கூலி மிச்சம்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுதான். பிள்ளை 8-ம் வகுப்புக்கு போனதும் தலைமை ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் வரும் வரை விடக்கூடாது.

"எங்க பிள்ளைக்கு பாரம் போட்டாச்சா சார்?"