வாசலில் நிற்கிற கார் மூச்சு விடுமா?

"மயினி, எங்க கார்தான் ஓடுறதே இல்லியே! நாலு நாளா வாசல்ல சும்மா நிக்குது. அது என்னத்தப் புகைய விடப் போவுது?"

ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் இளம் தாய் தன் அண்ணன் மனைவியிடம் இப்படிக் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் பெட்ரோல் ஆவியாவதற்கு எஞ்சின் ஓட வேண்டியதே இல்லை, வெயில் போதும்!

சித்திரை வெயிலில் டாங்கி சூடேறுகிறது. உள்ளே ஆவி பெருகி, மூடியிலுள்ள சிறு துவாரம் வழியே வெளியேறுகிறது. ராத்திரி குளிர்ந்ததும் காற்றை உள்ளே இழுத்துக் கொள்கிறது. மறுநாள் மறுபடியும் அதே கதை. நவதிருப்பதி ஒன்பது கோயிலும் சுற்றிவிட்டு வந்து எஞ்சினை அணைத்தாலும் தொல்லை தீராது. எஞ்சின் சூட்டில் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகும். வண்டி வந்து நின்றபின் வீட்டுக்குள் 'கம்'மென்று அடிக்கிறதே, அந்த வாசனை இதுதான்.

பெட்ரோல் அம்பாசடர், பத்மினி, ஆரம்ப கால மாருதி 800 இவற்றிலெல்லாம் இந்த ஆவியைப் பிடித்து வைக்க ஏற்பாடு கிடையாது. பின்னால் வந்த பெட்ரோல் கார்களில் கரித்தூள் நிரப்பிய டப்பா ஒன்று உண்டு. நம் வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் கரி இருக்கிறதல்லவா, அதே வேலைதான். நிற்கும்போது ஆவியை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஓடும்போது எஞ்சினுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். (டீசல் வண்டிக்காரர்கள் சந்தோஷப்படலாம், டீசல் லேசில் ஆவியாகாது. அதன் கரும்புகை வேறு கணக்கு!)

சரி, வாசனைதானே என்று விட முடியாது. 2000-ல் பெட்ரோலில் இருந்த ஈயம் ஒழிந்தது, நல்ல காலம். ஆனால் பென்சீன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை நெடுங்காலம் சுவாசித்தால் ரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்பது நிரூபணமான விஷயம். தவிர, பெட்ரோல் ஆவியும் வண்டிப் புகையும் வெயிலில் கலந்து ஓசோன் உண்டாகிறது. 1950-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தாரின் கண்ணைக் கரிக்க வைத்த புகைமூட்டம் இப்படித்தான் பிறந்தது என்று ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி காட்டினார். ஆஸ்துமாக்காரர்களுக்கு ஓசோன் பெரும் பகை.

நம் பக்கத்து வீடுகளில் வாசல், தார்சா, பட்டாசல் எல்லாம் ஒரே நேர்கோடு. வாசலில் கார், பட்டாசலில் தொட்டில்! பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமில்லாத இடத்தில் தரையோடு தரையாகத் தேங்கும். தரையில் தவழும் பிள்ளை, தன் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. அடுக்களை அடுப்பின் நெருப்பு வேறு பக்கத்தில். தேங்கிய ஆவிக்கு ஒரு பொறி போதும்.

வீட்டுக்காரரிடம் சொல்லி டாங்கி மூடியின் வாஷரையும் ரப்பர் ஹோஸ்களையும் மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால், பழைய ரப்பர் சீக்கிரம் வெடித்துப் போகிறது. "புகைச் சான்றிதழ் வாங்கியாச்சே" என்பார். அந்தச் சோதனை புகைக்குழாயைத்தான் பார்க்கும், டாங்கியை அல்ல! டாங்கியை வாய் மட்டும் நிரப்ப வேண்டாம். வண்டி வேப்பமர நிழலில் நிற்கட்டும், ஷெட்டை அடைத்துப் பூட்ட வேண்டாம். சூடு ஆறும்வரை பட்டாசல் கதவைச் சாத்தி, தொட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. எண்ணெய்க் கறை போக்க ஒரு பாட்டில் பெட்ரோலை அடுக்களைப் பரணில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அதை இன்றைக்கே வெளியேற்றுங்கள். புடவைக் கறைக்குச் சீயக்காய்த்தூளும் வெந்நீரும் போதும்.