விடுதலை ஃபைலில் எழுதாத காரணம்

பெரிய குற்றத்துக்குத் தண்டனை வாங்கின ஒருத்தரை அரசாங்கம் வெளிய விடுது. ஃபைல்ல இருக்குற காரணமும் உண்மையான காரணமும் ஒண்ணுதானா? இன்னைக்கு இதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல லாக்கர்பி. 1988 டிசம்பர் 21 அன்னைக்கு ஸ்காட்லாந்துல பான் ஆம் விமானத்துல குண்டு வெடிச்சு 270 பேர் இறந்தாங்க. லிபியாக்காரர் மெக்ராஹிக்கு 2001-ல ஆயுள் தண்டனை. 2007-ல பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் லிபியா போனப்போ, பி.பி. எண்ணெய் கம்பெனிக்கு அங்க பெரிய ஒப்பந்தம் கிடைச்சது. கைதிகளை அவங்கவங்க நாட்டுக்கு அனுப்புற ஒப்பந்தம் பத்தியும் பேச்சு நடந்தது. மெக்ராஹி அதுல வரக் கூடாதுன்னு சொன்ன பிரிட்டன், பிறகு இறங்கி வந்தது. அது தாமதமாகுதுன்னு அரசாங்கத்துகிட்ட பேசினதா பி.பி.யே ஒத்துக்கிட்டது, மெக்ராஹி பேரைச் சொல்லலைன்னும் சொன்னது.

கடைசியில 2009-ல ஸ்காட்லாந்து அரசு அந்த ஒப்பந்தத்தையே தொடல. புற்றுநோய், மூணு மாசம்தான் இருப்பார்னு இரக்க அடிப்படையில விட்டது. அவர் இறந்தது 2012 மே மாசம்.

இப்போ நம்ம ஊர். இங்க எண்ணெய் இல்ல, ஓட்டு இருக்கு. ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 26 பேருக்குத் தூக்குன்னு கீழ்க் கோர்ட்டு சொன்னது. 1999-ல சுப்ரீம் கோர்ட்டு தடா குற்றச்சாட்டை ரத்து பண்ணி, 19 பேரை விடுவிச்சது. அதாவது மீதி ஏழு பேரும் கொலைச் சதிக் குற்றவாளிகள். தடா சட்டப்படி பயங்கரவாதிகள் இல்ல.

தேதிகளைக் கவனிங்க. 2014 பிப்ரவரி 18: கருணை மனு 11 வருஷம் கிடந்ததால மூணு பேரோட தூக்கு ஆயுளாச்சு. மறுநாளே ஏழு பேரையும் விடுவோம்னு ஜெயலலிதா சட்டசபையில அறிவிச்சாங்க. ரெண்டு மாசத்துல லோக்சபா தேர்தல். மத்திய காங்கிரஸ் அரசு உடனே கோர்ட்டுக்குப் போய் தடை வாங்கினது.

விடுறதுல மட்டும் அரசியல் இல்ல, விடாம வைக்கிறதுலயும் இருக்கு. 2018 செப்டம்பர்ல எடப்பாடி பழனிசாமி அமைச்சரவை 161-வது பிரிவுப்படி பரிந்துரை பண்ணுச்சு. ஆளுநர்கிட்ட அது ரெண்டு வருஷத்துக்கு மேல கிடந்து, பிறகு ஜனாதிபதி பக்கம் போச்சு. 2022 மே 18-ல பேரறிவாளனையும், நவம்பர் 11-ல மத்த ஆறு பேரையும் சுப்ரீம் கோர்ட்டே விடுவிச்சது. அமைச்சரவை முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும்னு மே மாசத் தீர்ப்புல தெளிவா சொன்னது.

விடுதலையான இலங்கைக்காரங்க நாலு பேரும் நேரா திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனாங்க. அதுல சாந்தன், ஊர் திரும்பாமலே 2024 பிப்ரவரியில சென்னை ஆஸ்பத்திரியில இறந்தார்.

ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவோட போலீஸ்காரங்களும் பொதுமக்களும் செத்தாங்க. விடுதலையை எதிர்க்குற அந்தக் குடும்பங்களோட கோபம் நியாயம்தான். முப்பது வருஷம் போதும்னு சொல்றதும் நியாயம்தான். ரெண்டையும் எடை போட வேண்டிய இடத்துல தேர்தல் கணக்கு உட்கார்ந்தா, ரெண்டு பக்கமும் ஏமாறும்.

நம்ம சடையங்குப்பத்துலேர்ந்து மணலி, மாதவரம் தாண்டினா புழல் ஜெயில். பேர் தெரியாத ஆயுள் கைதிகளை முன்கூட்டி விடுறதும் இதே அரசாங்கப் பேனாதான். அவங்களால ஓட்டும் வராது, ஒப்பந்தமும் வராது. அதனாலதான் இத்தனை நாளுக்குள்ள முடிவு, எழுத்துல காரணம்னு எல்லாருக்கும் ஒரே விதி வேணும்.