ஒரே அண்டாவில் பீர்: தானியத்திலிருந்து தொடங்கும் எளிய வழி

பீர் நான்கே பொருள்களால் ஆனது: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி (மால்ட்), ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். 1516ஆம் ஆண்டு ஏப்ரலில் பவேரியாவில் இயற்றப்பட்ட சட்டம் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் ஆகிய மூன்றை மட்டுமே பீரில் சேர்க்கலாம் என்றது. அந்தப் பட்டியலில் ஈஸ்ட் இல்லை. நொதிக்கச் செய்வது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அந்த உயிரைப் பின்னாளில் ஆராய்ந்த லூயி பாஸ்டர், பீர் பற்றிய தம் ஆய்வு நூலை 1876இல் வெளியிட்டார். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஈஸ்ட்டைத் தனித்துப் பிரித்துத் தூய்மையாக வளர்க்கும் வழியைக் கண்டார். ஆலைகளில் ஒவ்வொரு முறையும் ஒரே சுவையில் பீர் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

வீட்டில் பீர் தயாரிப்பவர்களுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, ஆலையில் ஏற்கெனவே காய்ச்சி இறுக்கிய மால்ட் பாகை வாங்கித் தண்ணீரில் கரைப்பது. மற்றொன்று, தானியத்திலிருந்தே தொடங்குவது. தானியத்திலிருந்து தொடங்கினால் பீரின் நிறம், இனிப்பு, கனம் எல்லாம் தயாரிப்பவர் கைக்கு வரும். ஆனால் மரபான முறைக்கு மூன்று பெரிய பாத்திரங்கள் வேண்டும்: வெந்நீருக்கு ஒன்று, தானியத்தை ஊறவைத்து வடிகட்ட ஒன்று, கொதிக்கவைக்க ஒன்று. இடமும் செலவும் பலரைத் தடுத்தன.

இந்தத் தடையை நீக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் வீட்டுத் தயாரிப்பாளர்கள். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர்களிடையே பரவிய வழி எளிமையானது. முழுத் தண்ணீரையும் ஒரே அண்டாவில் ஊற்றிச் சூடாக்கி, அதற்குள் ஒரு பெரிய துணிப்பையை விரித்து, தானியத்தைப் பைக்குள் ஊறவைத்தார்கள். ஊறியதும் பையைத் தூக்கி எடுத்துவிட்டு, அதே அண்டாவில் சாற்றைக் கொதிக்கவைத்தார்கள். இதே எண்ணத்தில் பைக்குப் பதிலாகத் துளையிட்ட எஃகு உருளையை வைத்து மின்சாரத்தில் இயங்கும் கருவிகளும் உண்டு. ஜெர்மனியின் ஸ்பைடல் நிறுவனத்தின் பிரௌமைஸ்டர், நியூசிலாந்தின் கிரெயின்ஃபாதர் ஆகியவை இந்த வகை. தொடங்குபவருக்குக் கருவி கட்டாயமில்லை. அண்டாவும் பையுமே போதும்.

மால்ட்டுக்குள் நடப்பது

பார்லியை ஊறவைத்து முளைவிடச் செய்து, முளை வளரும்முன் சூடான காற்றில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். முளைக்கும்போது விதைக்குள் அமைலேஸ் என்ற நொதிகள் உருவாகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது அவற்றின் வேலை. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி நீர்த்தும் சற்று இனித்தும் இருப்பதற்கும் இதே நொதிகள்தாம் காரணம்.

பார்லியில் வேலை செய்யும் அமைலேஸ் இரண்டு வகை. பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சுறுசுறுப்பாக இருக்கும். ஈஸ்ட் எளிதில் உண்ணக்கூடிய சர்க்கரையைத் தரும். ஆல்ஃபா அமைலேஸுக்கு 68 முதல் 72 டிகிரி ஏற்றது. அது தரும் சர்க்கரையில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் உண்ண முடியாது, அது பீரிலேயே தங்கிக் கனம் சேர்க்கும். ஆகவே 64 டிகிரியில் ஊறவைத்தால் இலேசான, வறண்ட சுவை. 69 டிகிரியில் ஊறவைத்தால் கெட்டியான, சற்று இனிப்பான சுவை. முதல் முறைக்கு நடுவில் 67 டிகிரி பொருத்தம். வெப்பம் 77 டிகிரியைத் தாண்டினால் நொதிகள் விரைவில் செயலிழந்துவிடும். எனவே மற்ற எந்தக் கருவியையும்விட நம்பகமான வெப்பமானி முக்கியம்.

தேவையான பொருள்கள்

10 லிட்டர் அளவில் தொடங்குவது நல்லது. வீட்டு அடுப்பு தாங்கும், தவறினாலும் இழப்பு சிறிது. அதற்கு 20 லிட்டருக்குக் குறையாத துருப்பிடிக்காத எஃகு அண்டா, அதன் உட்புறம் முழுவதையும் மூடும் அளவுக்கு மெல்லிய நைலான் அல்லது பாலியெஸ்டர் வலைத்துணியில் தைத்த பை, வெப்பமானி, தராசு, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கால் ஆன மூடியுள்ள வாளி, அதன் மூடியில் பொருத்தும் காற்றுப்பூட்டு ஆகியவை வேண்டும். காற்றுப்பூட்டு உள்ளிருந்து வரும் வாயுவை வெளியே விடும்; வெளிக்காற்றை உள்ளே விடாது.

முதல் பீருக்கு ஒரே வகை மால்ட், ஒரே வகை ஹாப்ஸ் போதும். எது எந்தச் சுவையைத் தருகிறது என்பது அப்போதுதான் புரியும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆட்டர் மால்ட்டும், 1972இல் அமெரிக்காவில் அறிமுகமான காஸ்கேட் ஹாப்ஸும் நல்ல இணை. 10 லிட்டருக்கு 2.25 கிலோ மால்ட், 35 கிராம் ஹாப்ஸ், சுமார் 6 கிராம் உலர் ஈஸ்ட் தேவைப்படும். மால்ட்டை மாவாக அரைக்கக் கூடாது. உமி கூடியவரை முழுதாக இருக்க, உள்ளே உள்ள மணி உடைய வேண்டும். பை இருப்பதால் மரபான முறையைவிடச் சற்று நுண்ணியதாக உடைக்கலாம்.

தண்ணீர்க் கணக்கு

இந்த முறையில் எல்லாத் தண்ணீரும் தொடக்கத்திலேயே அண்டாவுக்குள் போய்விடுவதால், கணக்கை முன்கூட்டியே போட வேண்டும். நொதிக்க வேண்டியது 10 லிட்டர். அண்டாவின் அடியில் தங்கும் கசடுடன் போவது 1 லிட்டர். ஒரு மணி நேரக் கொதிப்பில் ஆவியாவது சுமார் 3 லிட்டர். பிழிந்த பிறகும் தானியம் பிடித்துவைத்துக்கொள்வது கிலோவுக்குச் சுமார் 0.6 லிட்டர் வீதம் 1.4 லிட்டர். மொத்தம் 15.4 லிட்டர். தானியம் சேர்ந்ததும் மட்டம் மேலும் ஒன்றரை லிட்டர் ஏறி 17 லிட்டரை நெருங்கும். 20 லிட்டர் அண்டா கேட்பது இதனால்தான்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது பீரில் மருந்து வாடையை உண்டாக்கும். முந்தைய இரவே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடலாம். ஆனால் சில நகரங்களில் சேர்க்கப்படும் குளோரமின் அப்படி எளிதில் போகாது. அதற்குச் சிறிதளவு பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்ப்பது வழக்கம்.

காய்ச்சும் நாள்

தண்ணீரை 70 டிகிரி வரை சூடாக்கி, அடுப்பை அணைத்து, பையை விரித்து மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளற வேண்டும். அறை வெப்பத்தில் உள்ள தானியம் சேர்ந்ததும் வெப்பம் 67க்கு இறங்கும். கட்டி தட்டினால் அதன் உள்ளிருக்கும் மாவு வீணாகும் என்பதால் நன்றாகக் கிளறுவது அவசியம். பிறகு மூடி, அண்டாவைக் கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். இடையில் வெப்பம் குறைந்து மீண்டும் அடுப்பை ஏற்ற வேண்டியிருந்தால் கம்பளியை எடுத்துவிட வேண்டும். பையும் அடியில் படக் கூடாது, பட்டால் துணி உருகிவிடும். அடியில் ஒரு சிறிய கம்பித் தட்டு வைப்பது பாதுகாப்பு.

ஒரு மணி நேரம் கழித்துப் பையைத் தூக்கி, வடியவிட்டு, கனத்த கையுறை அணிந்து பிழிய வேண்டும். மிஞ்சும் சக்கை மாட்டுத் தீவனமாகும், உரமாகும். ரொட்டி மாவிலும் சேர்க்கலாம். அண்டாவில் இருக்கும் இனிப்பான சாற்றுக்கு வோர்ட் என்று பெயர்.

வோர்ட் கொதி வரும் நேரம் ஆபத்தானது. புரதங்கள் திரண்டு நுரை திடீரெனப் பொங்கும். அடுப்பைவிட்டு நகரக் கூடாது. பொங்கல் அடங்கியதும் 15 கிராம் ஹாப்ஸைப் போட்டு ஒரு மணி நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீண்ட கொதியில் வடிவம் மாறிக் கசப்பைத் தரும். வாசனை எண்ணெய்களோ கொதியில் பறந்துவிடும். ஆகவே கடைசி 10 நிமிடத்தில் 10 கிராமும், அடுப்பை அணைத்ததும் மீதி 10 கிராமும் சேர்க்க வேண்டும். முதலில் போட்டது கசப்புக்கு, கடைசியில் போட்டது மணத்துக்கு.

கொதிக்கும்போது அண்டாவை மூடக் கூடாது. மால்ட்டிலிருந்து உருவாகும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற சேர்மம் வேகவைத்த மக்காச்சோளம் போன்ற வாடை தரும். ஆவியோடு அது வெளியேறியாக வேண்டும்.

கொதித்து முடிந்ததும் வோர்ட்டை விரைவாகக் குளிர்விக்க வேண்டும். 10 லிட்டர் என்றால் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் அண்டாவை இறக்கிவைத்தாலே போதும். ஆனால் ஆஸ்திரேலியாவில் பலர் கொதிநிலையிலேயே வோர்ட்டைத் தடித்த பிளாஸ்டிக் கேனில் நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடி, தானாக ஆறவிடுகிறார்கள். தண்ணீர் மிச்சமாகும் வழி அது.

சுத்தம்

கொதி முடிந்த கணத்திலிருந்து வோர்ட்டைத் தொடும் ஒவ்வொரு பொருளும் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். கழுவுவதும் கிருமிநீக்கமும் வேறு வேறு. அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநாசினி வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவி, பிறகே பாஸ்பாரிக் அமிலம் சார்ந்த, அலசத் தேவையில்லாத கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். வாளியில் கீறல் விழுந்தால் அதில் பாக்டீரியா ஒளிந்துகொள்ளும். அந்த வாளியை மாற்றிவிடுவதே நல்லது.

நொதித்தல்

20 டிகிரிக்கு ஆறிய வோர்ட்டை வாளியில் உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும். ஈஸ்ட் பெருக அது உதவும். இந்த நிலையில் ஹைட்ரோமீட்டர் ஏறத்தாழ 1.043 காட்ட வேண்டும். வெறும் தண்ணீருக்கு 1.000, மிகுதி கரைந்திருக்கும் சர்க்கரையால் வருவது. ஈஸ்ட்டைத் தூவி மூடினால் ஓரிரு நாளில் மேலே நுரை கட்டும். சர்க்கரை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும். அளவு 1.010க்கு இறங்கி நின்றால் பீரில் ஆல்கஹால் சுமார் 4.3 சதவீதம்.

ஏல் என்ற பீர் வகைக்கான வழக்கமான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். நொதித்தலே வெப்பத்தை உண்டாக்குவதால் வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி அதிகம் இருக்கும். சூடு மிஞ்சினால் பீரில் கரைப்பான் போன்ற காட்டமான நெடி வரும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஈரத்துணி போர்த்துவது எளிய தீர்வு. வெப்ப நாடுகளில் நார்வே கிராமங்களின் மரபு ஈஸ்ட்டான க்வைக் பெரும் உதவி. 30 முதல் 40 டிகிரி வரையிலும் அது கெட்ட வாடையின்றி நொதிக்கும்.

இரண்டு வாரம் திறக்காமல் காத்திருப்பது நல்லது. காற்றுப்பூட்டில் குமிழி நின்றதை வைத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ஹைட்ரோமீட்டர் அளவுகள் ஒன்றாக இருந்தால்தான் நொதித்தல் முடிந்தது என்று பொருள்.

பாட்டிலில் அடைத்தல்

அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கலக்காமல் மேலிருந்து எடுத்தால் சுமார் 9 லிட்டர் தேறும். லிட்டருக்கு 6 கிராம் வீதம் 54 கிராம் சர்க்கரையைச் சிறிது தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, பீரில் மெதுவாகக் கலந்து, பாட்டிலில் ஊற்றி மூட வேண்டும். மீந்திருக்கும் ஈஸ்ட் இந்தச் சர்க்கரையை உண்டு வாயுவை உண்டாக்கும். அறை வெப்பத்தில் இரண்டு வாரத்தில் நுரை தயார். சர்க்கரை கூடினாலோ, நொதித்தல் முடியும்முன் அடைத்தாலோ அழுத்தம் தாங்காமல் கண்ணாடி வெடிக்கும். வீட்டுத் தயாரிப்பில் கொதிநீருக்கு அடுத்த பெரிய ஆபத்து இதுவே. மெல்லிய பாட்டில்களையும் விரிசல் விட்டவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும்.

பாத்திரங்கள் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தாலும், பீரின் தரத்தைத் தீர்மானிப்பவை குறைவதில்லை. ஊறும்போது சரியான வெப்பம், கொதித்தபின் சுத்தம், நொதிக்கும்போது பொறுமை. இந்த மூன்றும் கைவந்தவர் விலையுயர்ந்த கருவி இல்லாமலே நல்ல பீர் தயாரிப்பார். ஒவ்வொரு முறையும் எடைகள், வெப்பம், ஹைட்ரோமீட்டர் அளவு, சுவை ஆகியவற்றைக் குறித்துவைப்பது அந்தக் கைப்பழக்கத்தை விரைவாகத் தரும்.

சட்டம்

வீட்டில் பீர் தயாரிக்கும் உரிமை நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் 1963இல் உரிமக் கட்டாயத்தை நீக்கியது. அமெரிக்காவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. கடைசி இரண்டு மாநிலங்களான அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் அனுமதித்தன. சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர்கள் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, விற்பனைக்கன்றித் தம் சொந்தப் பயன்பாட்டுக்குத் தயாரிக்கலாம். சாராயம் வடித்தல் இந்த அனுமதிகளில் எதிலும் அடங்காது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரிப்பதும் தண்டனைக்குரிய குற்றம்.