குளமா, கரையா?

குழந்தைகளுக்குக் கீழ்ப்படிதலைக் கற்பிக்க வேண்டுமே என்று பெரியோர்கள் கவலைப்படுவது எக்காலத்தும் உண்டு. அதட்டலும் பிரம்பும் சாதிக்காத இக்காரியத்தைத் தரையில் கிழித்த ஒரு கோடு எளிதில் சாதித்துவிடும்.

குளம் கரை விளையாட்டை நேயர்களில் பலர் ஆடியிருப்பார்கள். மண்ணில் பெரிய வட்டம் ஒன்று கிழிக்க வேண்டும். உட்புறம் குளம், வெளிப்புறம் கரை. தலைவன் "குளம்" என்றால் எல்லோரும் உள்ளே குதிக்க வேண்டும். "கரை" என்றால் வெளியே தாவ வேண்டும். இவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். குளம், கரை, குளம், கரை என்று தாளம்போல் சொல்லிவந்த தலைவன், எல்லோரும் கரையில் நிற்கையில் மறுபடியும் "கரை" என்பான். பழக்கத்தின் வேகத்தில் குளத்தில் விழுந்தவர் ஆட்டத்தை விட்டு விலக வேண்டியதுதான். கடைசிவரை நிற்பவரே ஜயித்தவர்.

விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி மழையை நம்பி வாழும் கரிசல் சீமையைச் சேர்ந்தது. கண்மாயும் கரையும் அங்கே வாழ்வோடு ஒட்டியவை. கண்மாய் வறண்ட காலத்திலும், குச்சியொன்று கிடைத்தால் குழந்தைகள் தங்களுக்கென ஒரு குளத்தை வெட்டிக்கொள்ளலாம். காசு செலவில்லை.

வடநாட்டில் இதற்கு உறவான விளையாட்டு ஆறும் மலையும் என்ற பொருளுள்ள பெயரால் வழங்குகிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளில், 'சைமன் சொல்கிறான்' என்று தொடங்கும் கட்டளைக்கு மட்டுமே பணிய வேண்டும். அமெரிக்காவில் மேகன் மெக்லெல்லண்ட் முதலிய அறிஞர்கள், தலையைத் தொடு என்றால் காலைத் தொட வேண்டும் என்ற முறையில் சிறு குழந்தைகளைப் பரீட்சித்தார்கள். இதில் தேறிய குழந்தைகள் எழுத்தறிவிலும் கணக்கிலும் முந்தி நின்றதை 2007-இல் வெளியிட்டார்கள். கேட்பது, நினைவில் வைப்பது, உந்தும் காலை அடக்குவது ஆகிய மூன்றும் இவ்வாட்டத்தில் ஒருங்கே நடைபெறுகின்றன அல்லவா?

இம்மாவட்டத்துக் குழந்தைகளுக்கு விளையாட்டு எளிதில் கிடைத்த பொருளன்று. சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் பிஞ்சுக் கைகள் பல ஆண்டுகள் உழைத்தன. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அவ்விதம் வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்று 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டுமென்று விதித்தது. சட்டம் இடத்தைத் தரலாம். அதில் வட்டம் கிழிப்பது நம் கடமை.

தொழிற்சாலையிலும் கட்டளை உண்டு, விளையாட்டிலும் உண்டு. முன்னதில் கட்டளையிடுபவர் என்றும் ஒருவரே. பின்னதில் இன்று பணிந்தவன் நாளை தலைவன்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. தவறியவரை விலக்கினால், பயிற்சி மிகவும் வேண்டிய மந்தமான குழந்தையே முதலில் ஓரத்தில் உட்கார நேரிடும். ஆகையால் சிறு வயதினருக்கு, ஐந்து முறை குதித்துவிட்டு மீண்டும் சேரலாம் என்று விதி செய்க. வெயில் தாழ்ந்த பின் ஆடவிடுக. தலைமை ஆண், பெண் அனைவருக்கும் முறை வைத்து வரட்டும். கட்டளைக்குப் பணியவும், கட்டளையைப் பொறுப்புடன் இடவும் அறிந்த குழந்தைகளே நாளைய நல்ல குடிமக்கள்.