குழந்தையோடு சென்னைக்குப் போனால் எங்கே தங்குவது?

கைக்குழந்தையை வைத்தியத்துக்காகச் சென்னைக்கு அழைத்துப் போக வேண்டும் என்றதுமே வீட்டில் பேச்சு எழும். "தாம்பரத்திலே சித்தப்பா வீடு குத்துக்கல்லாட்டம் இருக்கு, ஹோட்டலுக்கு எதுக்குக் காசை அழறே?" என்பார்கள். என் மாமியாரும் அதைத்தான் சொன்னார்.

சகோதரிகளே, உறவு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டே அறை உள்ள வீட்டில் நடுராத்திரி குழந்தை வீறிட்டால், விடிந்ததும் வேலைக்கு ஓடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? பெற்றவளோ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நிற்பாள். பால் கொடுக்க மறைவு, துணி அலசக் குழாய், யாரையும் கேட்காமல் கால் நீட்ட ஒரு கட்டில், இவற்றை இரண்டு நாளைக்குக் காசு கொடுத்து வாங்குவது ஆடம்பரமே இல்லை.

என் ஒன்றரை வயதுப் பேரனுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. அந்தப் பரிசோதனைக்குக் குழந்தை அசந்து தூங்க வேண்டுமாம். "முதல் நாள் ராத்திரி நேரம் கழிச்சுத் தூங்க வையுங்க, விடியற்காலையிலே எழுப்பி விட்டுடுங்க" என்றார்கள். இதை இன்னொருவர் வீட்டில் செய்ய முடியுமா? ஹோட்டல் அறையில் நானும் மகளும் பதினொன்றரை மணி வரை டம்ளரையும் ஸ்பூனையும் தட்டி விளையாட்டுக் காட்டினோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் பால் குடித்ததுமே தூங்கிவிட்டான். "பெரிய குறை ஒன்றுமில்லை, காதுக்குள் நீர் கோத்திருக்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்" என்றார் டாக்டர். போன உயிர் திரும்பி வந்தது.

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு எழும்பூர் தோதான இடம். ஹால்ஸ் ரோட்டில் குழந்தைகள் ஆஸ்பத்திரி, 1819-ல் தொடங்கிய கண் ஆஸ்பத்திரி எல்லாம் அந்த வட்டாரத்தில்தான். ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேனில் எளிய லாட்ஜிலிருந்து நடுத்தர ஹோட்டல் வரை இருக்கின்றன. தெருப்பக்கம் வேண்டாம், பின்பக்க அறையாகக் கேளுங்கள். ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும்.

போனிலேயே கேட்க வேண்டிய முக்கியமான விஷயம் நேரக் கணக்கு. சில இடங்களில் மதியம் 12 மணிக்கு ஒரு நாள் முடிந்துவிடும். ராத்திரி ரயிலில் வந்து காலை ஐந்தரைக்கு அறை எடுத்தால், ஆறரை மணி நேரத்தில் ஒரு நாள் வாடகை போச்சு! 24 மணிக் கணக்கு உள்ள இடத்தில் 200 ரூபாய் கூட என்றாலும் அதுதான் லாபம் என்று என் மகள் கணக்குப் போட்டாள். வரியையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய்க்குள் இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். 2,000 ரூபாய் அறைக்கு 100 ரூபாய். அதற்கு மேல் வரி என்று சொன்னால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். ஆதார் நகல் கேட்பார்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற பிரதியே போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள், குளியலறைக் கதவைப் பாருங்கள். பொத்தானை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் கைப்பிடி என்றால் வாண்டுகள் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். கதவின் மேல்விளிம்பில் ஒரு துண்டை மடித்துப் போட்டு வைத்தால் கதவு முழுக்க மூடாது. கீசர் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே குழந்தைக்கு ஊற்றுங்கள். பெரிய கட்டில்தானே என்று தலையணையை அணைகட்டி விட்டுப் போகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. மெத்தையைக் கீழே போட்டுத் தரச் சொன்னால் ரூம்பாய் போட்டுத் தருவார். அறையிலிருக்கும் மின்கெட்டிலில் முதல் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டு, அடுத்ததை எடுங்கள். முன்னால் தங்கியவர் அதில் முட்டை வேக வைத்தாரோ என்னவோ, யார் கண்டது?

ஆண் துணை இல்லாமல் போகிறவர்கள், "ரூம் சர்வீஸ்" என்று குரல் கேட்டதுமே திறந்துவிட வேண்டாம். சங்கிலியைப் போட்டுக்கொண்டு கீழே போன் செய்து கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. "குழந்தைக்கு, காரமில்லாமே குழைவா ரசம் சாதம்" என்று சொன்னால் சமையல்காரரே பிசைந்து அனுப்பினார். ஊர் திரும்பும் அன்று பழமும் பூவும் வாங்கிக்கொண்டு தாம்பரம் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். சித்தி முறுக்கு கட்டிக் கொடுத்தார்.