தரவுத்தளக் கணக்குப் பூட்டும் காரணம் அறிதலும்

தாம்பரத்தை அடுத்த கல்லூரி நூலகம் ஒன்றில் பழைய இதழ்களின் அட்டவணை ஆரக்கிள் தரவுத்தளத்தில் பேணப்படுகிறது. ஒருநாள் காலை, கணக்கு பூட்டப்பட்டதாக ஓஆர்ஏ-28000 என்னும் பிழைச்செய்தி தோன்றியது. நிருவாகி பூட்டைத் திறந்தார். சில நிமிடங்களில் கணக்கு மீண்டும் பூட்டிக்கொண்டது.

ஆரக்கிளின் இயல்பு அமைப்பில் கடவுச்சொல் தொடர்ந்து 10 முறை தவறினால் கணக்கு 1 நாள் பூட்டப்படும். இடையில் ஒருமுறை சரியாக நுழைந்தால் எண்ணிக்கை சுழியாகும். எனவே பூட்டைத் திறப்பதற்கு முன் யார் தவறினார் என்பதையே அறிதல் வேண்டும். அதற்குத் தணிக்கைப் பதிவேடு உதவும். அதில் 1017 என்னும் எண் தவறான கடவுச்சொல்லைக் குறிக்கும். முயன்ற கணினியின் பெயரும் நேரமும் உடன் இருக்கும்.

இந்நூலகப் பதிவேட்டில் முயற்சிகள் சீரான இடைவெளியில் நிகழ்ந்திருந்தன. மனிதர் அவ்வாறு தட்டச்சிடார். முதல்நாள் கடவுச்சொல்லை மாற்றியவர்கள், இணையத் தேடல் பக்கத்தின் அமைவுக் கோப்பில் பழையதையே விட்டுவிட்டனர். அந்நிரலே ஓயாது கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நிரலை நிறுத்திக் கோப்பைத் திருத்திய பின்னர் பூட்டைத் திறந்ததும் சிக்கல் தீர்ந்தது.

வரம்பை அடியோடு நீக்குவோரும் உளர். அது கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயல்வோர்க்கு வழிவிடும். ஆயினும் நிரல்களுக்குரிய கணக்கில் வரம்பு மிகக் குறைவாயிருப்பின், பயனர்பெயர் அறிந்த எவரும் வேண்டுமென்றே தவறி நூலகத்தையே முடக்கலாம் என்பதும் கருதத்தக்கது.

மைஎஸ்கியூஎல்லில் இவ்வசதி 8.0.19 பதிப்பு முதல் உண்டு. நிருவாகி குறிப்பிட்டாலன்றிச் செயற்படாது. சர்வரை மீளத் தொடங்கினால் அதன் எண்ணிக்கை அழிந்துவிடும். ஆரக்கிள் 21சி பதிப்போ, பழைய கடவுச்சொல்லும் புதியதும் சிலகாலம் ஒருங்கே செல்லுமாறு அமைக்க இடமளிக்கிறது.